அர்த்தம் சொல்ல மாட்டேன்

கிளிமூக்கு மாம்பழத்தின் தோலை மலையாகக் குவித்து இரண்டு நாள் வெயிலில் போட்டுவைத்தால் ஒரு வாடை வரும். பழவாசனைதானே என்று நம்பி மூச்சை இழுத்தால் தொண்டையில் புளிப்பு ஏறி இருமல் வந்துவிடும். நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் ஆனியும் ஆடியும் எங்கள் வீட்டில் அந்த வாடைதான். என் அக்கா அமுலு, சித்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு மாம்பழக்கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவள் வாசலில் கால் வைக்கும்போது நாலைந்து ஈக்களும் கூடவே உள்ளே வரும். மாங்காய்ப் பால் பட்டு அவள் விரல் இடுக்கெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்தக் கையோடு என் நோட்டைத் தொட வந்தால் நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வேன், அவளும் "ஐய, கலெக்டரம்மா நோட்டு, தொட்டா கரைஞ்சிடும்" என்று வாயைக் கோணிவிட்டுப் போவாள். எனக்கு இங்கிலீஷ் வந்தது அந்தக் கைகளிடமிருந்துதான் என்று சொன்னால் இப்போது என்னோடு வேலை செய்கிற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் ஊர் பாலசமுத்திரம் பக்கம். ஆந்திராவில் இருந்துகொண்டு எப்படித் தமிழ் பேசுகிறீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் வியப்போடு கேட்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு வியப்பும் இருந்ததில்லை, மாநில எல்லைக்கோடு போட்டவர்கள் எங்களைக் கேட்டுப் போடவில்லை, அவ்வளவுதான். எங்கள் நைனா குத்தகைக்கு எடுத்த ஒன்றரை ஏக்கரில் கரும்பு வைத்திருந்தார், மற்ற நாட்களில் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போவார். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப்பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. அதற்குமேல் படிக்க வேண்டுமானால் நான்கு கிலோமீட்டர் நடந்து உயர்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும், அங்கே எல்லாமே தெலுங்கு. அந்தப் பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நல்லவர்கள் பலர் அங்கே இன்னும் வேலை செய்கிறார்கள், நானும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவள் அமுலு. தமிழ்ப்பள்ளியில் ஐந்து வருடமும் அவள்தான் முதல். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாள், வாத்தியார் கதை வாசிக்க எழுப்பினால் ஆளுக்கொரு குரலில் வாசிப்பாள். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் உயர்நிலைப்பள்ளியில் சேர்த்தபோது யாரும் அவளைத் தனியாக உட்காரவைத்துத் தெலுங்கு எழுத்து சொல்லித்தரவில்லை. சமூகமும் விஞ்ஞானமும் கணக்கும் தெலுங்கில் போர்டு முழுக்க நிறையும். அவள் அந்த எழுத்துகளைக் கோலம் பார்த்துப் போடுவதுபோலப் பார்த்துப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு வருவாள். அவ்வளவு அழகாக இருக்கும் அந்த நோட்டு. அதில் ஒரு வரிகூட அவளுக்கு வாசிக்க வராது. அரையாண்டுப் பரீட்சைத் தாளைக் கொடுத்த அன்று, எல்லாருக்கும் முன்னால் அவளை நிற்கவைத்து அவளுடைய நோட்டையே அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்களாம். சங்கராந்தி லீவு முடிந்தபின் அவள் பள்ளிக்குத் திரும்பிப் போகவே இல்லை. நைனா நாலு நாள் கெஞ்சினார், ஐந்தாம் நாள், "மண்டையில ஏறலன்னா வுடு, கழனி இன்னா ஓடியா போயிடும்" என்று விட்டுவிட்டார். அவள் மண்டையைப் பற்றி அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் அதே பள்ளியில் சேர்ந்த வருடத்தில் புதிதாக இங்கிலீஷ் மீடியம் என்று ஒரு செக்‌ஷன் ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போன மூன்று பெண்களையும், அதாவது என்னையும் மஞ்சுளாவையும் கோட்டீஸ்வரியையும், எண்ணிக்கை சேர வேண்டும் என்று அதில் போட்டுவிட்டார்கள். தெலுங்கு எழுத்து தெரியாத எங்களுக்கு அது தப்பிப்பதற்குக் கிடைத்த ஒரே வழி. ஆனால் அந்த வழிக்கு ஒரு பூட்டும் வைத்திருந்தார்கள். தசரா லீவுக்கு முன்னால் ஒரு வாசிப்புத் தேர்வு நடக்கும், பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு சின்னக் கதையை இங்கிலீஷில் கொடுப்பார்கள், வாசித்து அர்த்தம் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களைத் தெலுங்கு மீடியம் செக்‌ஷனுக்கு மாற்றிவிடுவார்கள். மாற்றினால் அமுலு உட்கார்ந்த அதே அறை, அதே போர்டு, கோலம் போட வேண்டியது இனி நான். எனக்கு வேறு எதைப்பற்றியும் பயமில்லை, அந்த அறையைப் பற்றித்தான் பயம்.

இங்கிலீஷ் சார் கெட்டவர் இல்லை. பிரம்பு வைத்திருக்க மாட்டார், சுண்ணக்கட்டியைக்கூடத் தூக்கி எறிய மாட்டார். ஆனால் அவர் இங்கிலீஷ் படித்தது தெலுங்கு வழியாக, அதனால் உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தினம் போர்டில் ஐந்து இங்கிலீஷ் சொற்களை எழுதுவார், எதிரே தெலுங்கில் அர்த்தம் எழுதுவார், மறுநாள் ஒவ்வொருவராக எழுப்பி "அர்த்தம் செப்பு" என்பார். இலக்கணமும் அப்படித்தான், நிகழ்காலம் இறந்தகாலம் எல்லாம் தெலுங்கில் விதியாக வரும், நாங்கள் மூன்று பேரும் காற்றைப் பிடிப்போம். இரண்டாம் வாரத்தில் என்னை எழுப்பி 'ரிவர்' என்றால் என்ன என்றார். எனக்குத் தெரிந்ததே என்ற குஷியில் "ஆறு சார்" என்று கத்தினேன். தெலுங்கில் ஆறு என்றால் எண்ணிக்கைதான். வகுப்பு முழுவதும் சிரித்தது, அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு பையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆறு விரலைக் காட்டினான்.

வீட்டில் நான் அந்தச் சொற்களுக்கு எதிரே தமிழில் அர்த்தம் எழுதிக்கொண்டு போனேன். சார் நோட்டைத் திருத்தும்போது தமிழ் வரிகளை ஒவ்வொன்றாக அடித்தார். கோபமாக இல்லை, புத்தகத்தில் ஒட்டிய சோற்றுப்பருக்கையை எடுப்பதுபோல, பொறுமையாக. "தெலுகு ராகபோதே இங்கிலீஷ் எலா வஸ்துந்தி?" என்று கேட்டார். தெலுங்கே வராமல் இங்கிலீஷ் எப்படி வரும் என்று அர்த்தம். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த கடைசி பெஞ்சைப் பார்த்து "அரவ பிள்ளலு" என்று பெருமூச்சு விட்டார். தமிழ்ப் பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அதில் திட்டும் உண்டு, இரக்கமும் உண்டு. திட்டையாவது தாங்கிக்கொள்ளலாம். அந்த இரக்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தெலுங்கு எனக்குத் தெரியாதா என்று கேட்டால், பேசத் தெரியும். கடையில் பேரம் பேசவும் பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை போடவும் தாராளமாகத் தெரியும். எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பது சாதாரணம். எழுத்துதான் தெரியாது, பாடப்புத்தகத்தில் வரும் பெரிய பெரிய சொற்களும் தெரியாது. ஒரு பூட்டைத் திறக்க இன்னொரு பூட்டைத் திறக்க வேண்டும் என்றால் என்ன நியாயம் என்று அந்த வயதிலேயே எனக்குத் தோன்றியது, ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? ஆகஸ்டில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். இருபத்தைந்துக்கு எனக்கு மூன்று, மஞ்சுளாவுக்கு ஐந்து, கோட்டீஸ்வரிக்கு ஒன்று. அந்த ஒன்று எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை, சாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் நான் அடுப்படியில் குந்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அமுலு கம்பெனியிலிருந்து வந்து கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே என்ன ஏது என்று கேட்டாள். அர்த்தம் தெரியவில்லை, அர்த்தம் சொல்ல யாருமில்லை, அர்த்தம் தெரியாமல் இங்கிலீஷ் எப்படிப் படிப்பது என்று நான் மூக்கைச் சிந்தினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடிப் போடி இவளே, எங்க சூப்பரைசரு எங்கியோ வடக்க கீற ஆளு, அவனுக்குத் தமிழும் வராது தெலுங்கும் வராது. 'கம்'ன்றான், போறோம். 'வெய்ட்'ன்றான், நிக்கறோம். 'ஸ்லோ'ன்றான், மெல்ல கொட்றோம். எவன் வந்து எங்களுக்கு அர்த்தம் சொல்லிக்கினு கீறான்? அர்த்தம் கேட்டுக்கினு நின்னா பழமெல்லாம் கீழ பூடும்" என்றாள்.

நான் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தேன். உனக்கு எத்தனை இங்கிலீஷ் தெரியும் என்று கேட்டேன். தெரியாது என்றாள். கேட்டுப் பார்த்தால் கொட்டுகிறது: லிஃப்ட், எம்ப்டி, ஹாஃப், ராட்டன், க்விக், கேர்ஃபுல், நாட் திஸ் ஒன், தட் ஒன். ராட்டன் என்றால் என்ன என்று கேட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு அழுகல் பழத்தை எடுத்துக் கொல்லைப் பக்கம் எறிந்தாள். எனக்கு அந்தச் சொல் அன்றிலிருந்து மறக்கவில்லை. ஒருமுறையாவது யாராவது அதைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லி எனக்குப் புரியவைக்க வேண்டியிருந்ததா? இல்லை.

மறுநாளே நாங்கள் மூன்று பேரும் "சீட்டு" ஆட ஆரம்பித்தோம். கம்பெனியில் அச்சு பிசகிப்போன லேபிள்களை அமுலு கட்டுக்கட்டாகக் கொண்டுவருவாள், பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதைக் கிழித்துச் சீட்டாக்கி, போர்டில் அன்றைக்கு எழுதிய ஐந்து சொற்களையும் அமுலு கொண்டுவந்த சொற்களையும் கலந்து, ஆளுக்கு மூன்று கட்டளை எழுதுவோம். பகல் சாப்பாட்டு மணி அடித்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சீட்டை எடுக்க வேண்டும், எடுத்தவள் வாயைத் திறக்காமல் அதில் எழுதியிருப்பதைச் செய்ய வேண்டும். தமிழில் கேட்கக்கூடாது, தெலுங்கிலும் கேட்கக்கூடாது. தப்பாகச் செய்தால் தலையில் ஒரு "குட்டு". முதல் இரண்டு நாள் எல்லாமே 'ஸிட்', 'ஸ்டாண்ட்', 'ஜம்ப்' என்று சுலபமாக இருந்தது, பார்ப்பவர்களுக்கு நாங்கள் தோப்புக்கரணம் போடுவதுபோலத் தெரிந்திருக்கும். அப்புறம் கோட்டீஸ்வரி விஷமமாக எழுத ஆரம்பித்தாள். மஞ்சுளாவின் ரிப்பனைக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டு, சமையல்காரம்மாவிடம் உப்பு வாங்கி வா, ஆனால் பேசாதே, என்றெல்லாம் வரும். பேசாமல் உப்பு வாங்கப் போன நான் ஜாடை காட்டக் காட்ட, அந்தம்மா எனக்கு ஏதோ வயிற்றுவலி என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துவிட்டாள்.

அண்டர், பிஹைண்ட், பிட்வீன் இதெல்லாம் எங்கள் உடம்பிலேயே ஏறிவிட்டன, தொட்டிக்குக் கீழேயும் பின்னாலேயும் இரண்டு தூணுக்கு நடுவிலும் போய் நின்று நின்று கற்றுக்கொண்டவை. 'பிஃபோர்', 'ஆஃப்டர்' வந்தபோது சண்டை வந்தது, சுவரைத் தொட்ட பிறகு கதவைத் தொட வேண்டுமா, தொடுவதற்கு முன்னாலா என்று. இறந்தகாலத்தைச் செய்துகாட்ட முடியாதே என்று ஒரு வாரம் திண்டாடினோம். பிறகு மஞ்சுளாதான் வழி கண்டுபிடித்தாள், நேற்று நீ என்ன செய்தாயோ அதை நடித்துக்காட்டு என்று சீட்டு எழுதினாள். அதை எடுத்த கோட்டீஸ்வரி, அவள் அம்மா விளக்குமாற்றோடு துரத்தியதை இரண்டு பேராகவும் மாறி மாறி நடித்தாள். நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்து 'ரேன்', 'கேம்', 'ஹிட்', 'க்ரைட்' என்று எழுதினோம். லேபிளின் முன்பக்கமும் வீணாகவில்லை, வெயில் படாத இடத்தில் வை, கீழே போடாதே, திறந்தபின் உடனே பயன்படுத்து என்றெல்லாம் அதில் இருந்த குட்டிக் குட்டி வரிகள்தான் நாங்கள் முதலில் தடுக்காமல் வாசித்த இங்கிலீஷ்.

தினம் சாயங்காலம் அமுலுவிடம் உட்கார்ந்து அன்றைய சொற்களை வாங்குவேன். அவளுக்கு அர்த்தம் தெரியும், எனக்கு எழுத்து தெரியும். அவள் சொல்லும் சத்தத்தை வைத்து எப்படி எழுதுவது என்று நான் குத்துமதிப்பாக எழுதி, மறுநாள் பள்ளி டிக்‌ஷனரியில் தேடுவேன். ஒருநாள் அவள் சொன்ன சொல்லை எழுதிக்காட்டி, "இத்த ஒருக்கா நீ எழுதேன், நான் சொல்லித் தர்றேன்" என்றேன். அவள் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"எனக்கு வாணாம். எழுத்துன்னு ஒண்ணைப் பாத்தாலே அந்தக் கிளாஸ்ரூம்ல நிக்கறாப்பல கீது" என்றாள்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. அவள் நோட்டு எவ்வளவு அழகாக இருந்தது என்பது எனக்குத் தெரியும், அதை அவளே ஒருநாள் அடுப்பில் வைத்ததும் தெரியும்.

தசராவுக்கு முந்தின வாரம் தேர்வு வந்தது. தேர்வு வைக்க வெளியிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார், திருப்பதிக்காரர் என்று பேசிக்கொண்டார்கள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் டிக் அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சார் நின்றார். ஒவ்வொருவராகப் போய் ஒரு கதையை வாசித்து, சார் கேட்கும்போது தெலுங்கில் அர்த்தம் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் மஞ்சுளா போனாள். வாசித்துவிட்டு, தனக்குத் தெரிந்த கடைத்தெருத் தெலுங்கில் தட்டுத் தடுமாறி எதையோ சொல்லித் தேறிவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அன்று யார் எப்படித் தப்பித்தாலும் அது நியாயம்தான். ஆனால் அவள் சொல்லும்போது வகுப்பு சிரித்தது, அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு வந்த கதை ஒரு குயவனைப் பற்றியது. மழை வருகிறது, அவன் பானைகளை உள்ளே எடுத்துவைக்கிறான், ஒன்றை மறந்துவிடுகிறான், அதில் நிறைந்த தண்ணீரைக் குருவிகள் வந்து குடிக்கின்றன. இரண்டு இடத்தில் நின்று நின்று வாசித்து முடித்தேன். அவ்வளவும் புரிந்தது. வாசிக்கும்போதே அந்தக் குயவனோடு நானும் குனிந்து குனிந்து பானை எடுத்தேன். வேறு மொழியே இல்லாமல் இங்கிலீஷ் எனக்கு நேராகப் புரிந்த முதல் கதை அது, சந்தோஷத்தில் காது சூடாகிவிட்டது.

"அர்த்தம் செப்பு" என்றார் சார்.

நான் தமிழில் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தி, "தெலுகுலோ" என்றார்.

மஞ்சுளாவைப்போல நானும் எதையாவது சொல்லியிருக்கலாம். பானையும் மழையும் குருவியும் எனக்குத் தெலுங்கில் தெரியாதவை இல்லை. சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் தேறி, வெளியே போயிருப்பேன். எனக்கு அமுலு அந்த அறையில் அவளுடைய நோட்டையே கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது, நான் பார்க்காத காட்சி, ஆனால் நூறு முறை நினைத்துப் பார்த்த காட்சி. பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பயத்தைவிடக் கோபம் ஒரு படி அதிகமாக இருந்தது.

"நான் தெலுங்குல அர்த்தம் சொல்லமாட்டேன் சார்" என்றேன். "இது இங்கிலீஷ் பரீட்சைதானே? நீங்க இங்கிலீஷ்ல எதுனா எழுதிக் குடுங்க. அதுல இன்னா கீதோ அத்த செஞ்சு காட்றேன். தப்பா செஞ்சா நானே போயி அந்த செக்‌ஷன்ல குந்திக்கிறேன்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. மேடத்தின் பக்கம் குனிந்து, "பட்டி கொட்டிந்தி மேடம்" என்றார், மற்றவர்களிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டு, "காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றேன் சார், இந்தக் கதைய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றேன். எங்கள் பக்கத்தில் அந்தப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் பண்ண யாருக்கும் துணிச்சல் வராது. அப்போதுதான் மேடம் முதல்முறையாகக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

ஒரு தாளைக் கிழித்து இங்கிலீஷில் எழுதி நீட்டினார். வாங்கி வாசித்தேன். எங்கள் கோட்டீஸ்வரி எழுதும் சீட்டைவிடச் சுலபமாகத்தான் இருந்தது. வெளியே போ, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மரங்களை எண்ணு, திரும்பி வந்து எண்ணிக்கையைப் போர்டில் எழுது, ஆனால் நடுவில் எழுதாதே, அதன்பிறகு உன் ஆசிரியருக்குப் பின்னால் போய் நில், நான் சொல்லும்வரை நகராதே. நான் ஓடினேன். எண்ணினேன். மூச்சு வாங்க வந்து போர்டின் கீழ் மூலையில் நான்கு என்று எழுதிவிட்டு, சாருக்குப் பின்னால் போய் நின்றேன். சார் திரும்பிப் பார்த்தார். நானும் அவரோடு சேர்ந்து நகர்ந்து மறுபடி அவருக்குப் பின்னாலேயே நின்றேன். வகுப்பு மறுபடியும் சிரித்தது, இந்த முறை என்னைப் பார்த்து இல்லை.

மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு ஐந்து மரங்கள் தெரிகிறதே என்று இங்கிலீஷில் கேட்டார். ஐந்தாவது மரமான வேம்பு, கேட்டைவிட்டுத் தள்ளி போர்ப் பம்பு கிட்டே இருந்தது.

"ஒன் இஸ் நாட் நியர், மேடம்" என்றேன்.

யாரும் எழுதிக்கொடுக்காமல், யாரும் சொல்லித்தராமல் நான் பேசிய முதல் இங்கிலீஷ் வாக்கியம் அதுதான். ஒரு அதிகாரியை மறுத்துப் பேசியது. அவர் சிரித்துவிட்டு டிக் அடித்தார், அடுத்து வந்த கோட்டீஸ்வரியிடம் அர்த்தம் கேட்காமல் அவளுக்கும் ஒரு தாளைக் கிழித்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த செக்‌ஷனிலேயே இருந்தோம். சார் அதன்பிறகு பத்தாம் வகுப்பு முடியும்வரை என்னிடம் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை. அது மரியாதையா கோபமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அன்று நான்கு கிலோமீட்டரையும் ஓடியே வந்தேன். மாம்பழ சீசன் முடிந்துவிட்டதால் அமுலு கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன், சாருக்குப் பின்னால் நின்றதை நடித்தும் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் படிக்க சொல்லோ இப்டி ஒரு சீட்டு எனக்கு எவளும் எழுதித் தரலியேடி" என்றாள்.

அழவில்லை. குனிந்து மறுபடியும் கொடியைப் பிடுங்க ஆரம்பித்துவிட்டாள். நானும் பக்கத்து வரிசையில் இறங்கிப் பிடுங்கினேன்.

திருப்பதியில் பட்டமும் பி.எட்.டும் முடித்து, இரண்டு வருடங்களுக்கு முன்னால் அதே பள்ளிக்கு இங்கிலீஷ் ஆசிரியையாக வந்திருக்கிறேன். தெலுங்கு எழுத்தும் கல்லூரியில் படிக்கும்போது கற்றுக்கொண்டேன், யாரும் நிர்ப்பந்திக்காததால் இரண்டே மாதத்தில் வந்துவிட்டது. தெலுங்குமீது எனக்கு ஒரு கோபமும் இல்லை, வாசலை மறித்துக்கொண்டு அதை நிற்கவைத்தவர்கள்மீதுதான். இப்போது எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கூடம் இல்லை. கடைசியில் மூன்று பிள்ளைகள்தான் மிச்சம் என்று மூடி, சுவரில் இருந்த தமிழ் எழுத்துகளின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டார்கள். என் வகுப்பின் கடைசி பெஞ்சில் தமிழில் அர்த்தம் எழுதி மறைத்து வைக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. இருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன்.

போன மாதம் பழைய ஹாஜர் பட்டிகளை, அதாவது வருகைப் பதிவேடுகளை, கழித்துக்கட்டப் பிரித்து வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஆறாம் வகுப்பு, தெலுங்கு மீடியம் என்று எழுதிய ஒரு பட்டியில் அமுலுவின் பெயர் இருந்தது. சங்கராந்தி வரைக்கும் ஒருநாள்கூட விடாமல் வந்திருக்கிறாள், அத்தனை கட்டத்திலும் ஆஜர். அதற்குப்பிறகு பெயரின்மேல் ஒரு கோடு. கோட்டுக்கு எதிரே தெலுங்கில் காரணம் எழுதியிருந்தார்கள், படிப்பில் ஆர்வம் இல்லை என்று. ஒருநாள் விடாமல் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்தவளுக்கு ஆர்வம் இல்லையாம். நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. பேனாவை எடுத்து அந்த வரிக்குக் கீழேயே தமிழில், இது பொய், இவளுக்குத் தெரிந்த மொழியில் யாரும் இவளிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்று எழுதி, என் கையெழுத்தையும் தேதியையும் போட்டேன். அரசாங்கப் பதிவேட்டில் அப்படி எழுதுவது தவறு என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அமுலு இப்போது தடா என்கிற ஊரில் இருக்கிறாள், ஒரு கம்பெனியின் கேன்டீன் அவள் பொறுப்பு. சாயங்காலம் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். வேலை போய்விடப்போகிறது என்று திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எதுல எழுதின?" என்று கேட்டாள்.

தமிழில் என்றேன்.

"தமிழ்ல எழுதினா மேல கீற ஆபீசருங்களுக்கு எப்டிடி தெரியும்? இங்கிலீஷ்லயும் எழுது. உனுக்குதான் வருமே" என்றாள்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்னால் போய் எழுதினேன். திஸ் இஸ் ராங். மூன்றே சொல். யாருக்காவது அர்த்தம் தெரியவில்லை என்றால் என்னிடம் வந்து கேட்கட்டும்.